அந்தப் படத்தில் இருக்கும் வீடு விற்பனைக்கு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் ‘ஜப்பானில் வீடு இலவசம்!’ என்று அரைப்பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. அதைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்கள் இதுவரை பதினொரு பேர். "மாப்ள, எனக்கும் ஒண்ணு சொல்லி வை" என்று அத்தை மகன் எழுதியிருந்தான். எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்த சார், இப்போது ஓய்வுபெற்றுப் பாளையங்கோட்டையில் இருக்கிறார், அவர் போனிலேயே பிடித்துவிட்டார். "ஏம்ப்பா, பத்திரச் செலவு மட்டும்தான் நம்ம கையிலிருந்து போகுமாமே?" அவருக்குப் பதில் சொல்லி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. அதே கேள்விக்கு இன்னும் பத்துப் பேரிடம் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லாததால் உங்களுக்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அப்பா கொத்தனார். நான் 2009 முதல் நகோயாவில் இருக்கிறேன், கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. 2022-ல் நகானோ மாகாணத்தின் கிசோ பள்ளத்தாக்கில், 1934-ல் கட்டிய ஒரு மரவீட்டை வாங்கினேன். வேலை இன்னும் முடியவில்லை. இதை எழுதும்போதுகூட வலது கைக் கட்டைவிரல் நகம் கறுத்துக் கிடக்கிறது, சுத்தியல் செய்த வேலை.

முதலில் உங்கள் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கைகூப்பியது போலச் சரிந்து நிற்கும் புல் கூரை, சுற்றிலும் பனி. அது கிஃபு மாகாணத்தில் இருக்கும் ஷிரகவாகோ கிராமம். 1995-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். அந்த ஊர்க்காரர்கள் 1971-லேயே கூடி உட்கார்ந்து மூன்று விஷயங்களை முடிவு செய்தார்கள்: விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. நான் வாங்கிய வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சுமாகோ என்ற பழைய சத்திர ஊரிலும் இதே மூன்று விதிகள்தான். ஜப்பான் முழுக்கத் தேடி, எந்த ஊரில் வீடே விற்க மாட்டார்களோ அந்த ஊரின் படத்தை இலவச வீட்டுச் செய்திக்குப் போட்டிருக்கிறீர்கள். பக்கம் வடிவமைத்த தம்பியைக் கோபிக்க வேண்டாம், எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள்.

போட வேண்டிய படம் வேண்டுமானால் என் வீட்டைத் தருகிறேன். துருப்பிடித்த தகரக் கூரை, பாதி உடைந்து தொங்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தாரை, எழுபதுகளில் யாரோ மரச்சன்னலைப் பிடுங்கிவிட்டு மாட்டிய அலுமினியச் சன்னல், வாசலில் ஆள் உயரத்துக்கு மூங்கில். இதுதான் அசலான ‘அகியா’. ஆளில்லாத வீடு என்று அர்த்தம். 2023-ல் ஜப்பான் அரசு எடுத்த கணக்குப்படி இப்படிப்பட்ட வீடுகள் சுமார் 90 லட்சம், நாட்டில் உள்ள மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். அதில் வாடகைக்கோ விற்பனைக்கோ என்று காத்திருப்பவற்றையும், விடுமுறைக்கு வந்துபோகும் வீடுகளையும் கழித்துவிட்டால், சும்மா பூட்டிக் கிடப்பவை 38 லட்சத்து 50 ஆயிரம்.

ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்பதை உங்கள் செய்தி ஒரே வரியில், மக்கள்தொகை குறைகிறது என்று முடித்துவிட்டது. அது சரிதான். ஆனால் வாங்கப் போகிறவருக்குத் தெரிய வேண்டியது மீதிப் பாதி. இங்கே வரிக் கணக்கில் மரவீட்டின் ஆயுள் 22 வருடம். அதைத் தாண்டிய வீட்டுக்குச் சந்தையில் பெரும்பாலும் மதிப்பே கிடையாது, மனைக்கு மட்டும்தான் விலை. இடித்துவிட்டு வெறும் மனையாக விற்கலாம் என்றால் இடிக்கவே 10 லட்சம் யென்னுக்கு மேல் ஆகும். அதுவும் போக, வீடு நிற்கிற மனைக்கு 200 சதுர மீட்டர் வரை சொத்துவரிக்கான மதிப்பை ஆறில் ஒரு பங்காகக் குறைத்துப் போடுவார்கள். இடித்த மறுவருடமே அந்தச் சலுகை போய்விடும். ஆகவே டோக்கியோவிலோ ஒசாகாவிலோ இருக்கும் பிள்ளைகள், அப்பா அம்மா போன பிறகு வீட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அகியாவைச் சரியாகப் பராமரிக்காவிட்டால் அந்த வரிச் சலுகையை நிறுத்தலாம் என்று 2023 டிசம்பரிலிருந்து சட்டத்தை இறுக்கியிருக்கிறார்கள். அதன் பிறகுதான் ‘யாராவது எடுத்துக்கொண்டால் போதும்’ என்கிற விளம்பரங்கள் அதிகமாகக் கண்ணில் படுகின்றன. இலவசமாகக் கொடுப்பவர் தன் தலைவலியைக் கைமாற்றி விடுகிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

என் வீடு இலவசம் இல்லை, 15 லட்சம் யென். அன்றைய கணக்கில் ரூபாயில் 9 லட்சத்துக்குள். ஊராட்சி அலுவலகங்கள் ‘அகியா வங்கி’ என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள், அதில் பார்த்தேன். பட்டியல் போடுவதோடு அவர்கள் வேலை முடிந்தது. வீட்டின் நிலைமைக்கு அவர்கள் பொறுப்பு இல்லை.

பிடித்துப்போய்ப் பேசி முடித்த பிறகு தெரிந்தது, பதிவேட்டில் வீடு இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது என்று. தாத்தா இறந்தது 1961-ல். விற்க வந்தவர் ஷிசுவோகாவில் இருக்கும் பேத்தி, 68 வயது அம்மா. தாத்தாவின் வாரிசுகளைத் தேடிப் பிடித்தால் மொத்தம் பதினொரு பேர், ஒருவர் பிரேசிலில். ஒவ்வொருவரிடமும் பங்குப் பத்திரத்தில் பதிவு செய்த முத்திரை வாங்க வேண்டும், கூடவே முத்திரைச் சான்றிதழ். பிரேசில்காரருக்கு முத்திரை இல்லாததால் அவர் சாவோ பாலோவில் ஜப்பான் துணைத் தூதரகத்துக்குப் போய்க் கையெழுத்துச் சான்று வாங்கி அனுப்பினார். எல்லாம் வந்து சேரப் பதினான்கு மாதம். கூட்டுப் பட்டாவைப் பிரிக்க அலைந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. எங்கள் தாத்தா வீடே ஒன்பது பங்காளிகள் பெயரில் கல்லிடைக்குறிச்சியில் பூட்டித்தான் கிடக்கிறது. இங்கே 2024 ஏப்ரல் 1 முதல் வாரிசுப் பதிவைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். மூன்று வருடத்துக்குள் மாற்றாவிட்டால் 1 லட்சம் யென் வரை அபராதம்.

வீட்டோடு சேர்ந்த காய்கறித் தோட்டம் எனக்குக் கிடைக்கவில்லை. அது விவசாய நிலம் என்று பதிவாகியிருந்தது. விவசாய நிலத்தை வாங்க உள்ளூர் விவசாயக் குழுவின் அனுமதி வேண்டும். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் இரண்டு தடவை வந்துபோகிறவனுக்கு எதற்குக் கொடுப்பார்கள்? பக்கத்து வீட்டுப் பாட்டி அதில் முள்ளங்கி போடுகிறார். எனக்கு வருகிற முள்ளங்கியைப் பார்த்தால் நிலம் என்னிடம் வராததே நல்லது.

வீட்டுக்குள் போனால், எல்லாம் அப்படியே இருந்தது. பேத்தியம்மா முன்பே சொல்லியிருந்தார், சாமான்களோடுதான் விற்பனை என்று. விருந்தாளிகளுக்கான மெத்தை மட்டும் 32. சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஊரே வந்து படுக்கும் காலத்து வீடு. அலமாரி நிறைய அரக்குக் கிண்ணங்கள், ஒரு பள்ளிக்கூடச் சான்றிதழ், 1950-களில் தொடங்கும் வீட்டுக் கணக்கு நோட்டுகள். பிரித்துக் கட்டிக் குப்பைக்கு அனுப்ப இரண்டு லாரி, 3,80,000 யென். கணக்கு நோட்டுகளை மட்டும் எறிய மனம் வரவில்லை, ஷிசுவோகாவுக்குத் தபாலில் அனுப்பினேன்.

புத்சுதானை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அது அவர்கள் வீட்டுப் பூஜை அலமாரி. உள்ளே புத்தர், முன்னோருக்கு வைக்கும் விளக்கு, மணி. இறந்தவர்களின் பெயர்ப்பலகைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அலமாரி மட்டும் கறுப்பு அரக்குப் பளபளப்போடு நின்றது. லாரிக்காரர்கள் அதைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். நானும் கதவைச் சாத்திவிட்டு அந்த அறைப் பக்கம் போகாமலே இருந்தேன்.

2023 ஏப்ரலில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அம்மா எல்லா அறையும் சுற்றிவிட்டு அந்தக் கதவைத் திறந்தார்.

"ஐயா, இது யாரு வீட்டுச் சாமி?"

"இருந்தவங்களோடதும்மா."

"அவுக சாமி இங்கன இருக்கும்போது நான் எப்படி அடுப்பு பத்த வைக்க?"

பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதற்கு முறை இருக்கிறது, கோவில் பூசாரியைக் கூப்பிட்டு மந்திரம் சொல்லி உள்ளிருக்கும் உயிரை அனுப்பிவிட வேண்டும், அப்புறம் அது வெறும் மரச்சாமான் என்றார். பேத்தியம்மாவுக்கு போன் போட்டதும் அடுத்த வாரமே ரயிலேறி வந்தார். பூசாரி அரைமணி நேரம் சுலோகம் சொன்னார். அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் பேத்தியம்மாவுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து கடைசி வரை கும்பிட்ட கையை எடுக்கவில்லை. உறையில் 30,000 யென் தட்சிணை வைத்தோம். அது முடிந்த பிறகுதான் அம்மா கேம்ப் அடுப்பில் பால் காய்ச்சினார். வாங்கி ஒரு வருடம் கழித்து நடந்த பால் காய்ச்சு. பாட்டி விஷயம் கேட்டுவிட்டுப் போய், சிவப்புப் பயறு போட்டு வேகவைத்த சோறு கொண்டுவந்தார். இங்கே நல்ல காரியத்துக்கு அதுதான்.

அடுப்படித் தரைப்பலகையைத் தூக்கினால் கீழே ஒரு குழி, அதில் மூன்று மண் ஜாடிகள். ஒன்றில் உமேபோஷி, உப்பில் ஊறிய ஒருவகைப் புளிப்புப் பழ ஊறுகாய். மூடியில் ‘ஷோவா 58’ என்று எழுதிய தாள், அதாவது 1983. எனக்குத் தூக்கிப் போடத்தான் தோன்றியது. அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்து, நுனியில் கடித்துப் பார்த்துவிட்டு, "நம்ம உப்பு நார்த்தங்காதான், கெடல" என்றார். பேத்தியம்மா அந்த ஜாடியை மடியில் வைத்துக்கொண்டுதான் ரயிலில் திரும்பிப் போனார்.

இனி அப்பா. எழுபத்தொரு வயது, நாற்பத்தைந்து வருடம் சாரத்தில் ஏறி இறங்கியவர். வந்த மறுநாள் காலை காப்பிகூடக் குடிக்காமல் வீட்டைச் சுற்றி வந்து, "ஏல, அஸ்திவாரத்தையே காணோமே? கல்லு மேல தூணைச் சும்மா தூக்கி வச்சிருக்கானுவோ" என்றார். உண்மைதான். பழைய ஜப்பானிய வீடு அப்படித்தான், தட்டைக் கல்லின் மேல் தூண் நிற்கும், பிடிமானம் ஒன்றும் இருக்காது. பூகம்பம் வந்தால் வீடு கல்லின் மேல் கொஞ்சம் நகர்ந்து உட்காரட்டும் என்பது அந்தக் காலத்து யோசனை. ஆனால் 1995 ஜனவரி 17 அன்று கோபே பூகம்பத்தில் 6,434 பேர் இறந்தார்கள், அதில் மிகப் பலர் பழைய மரவீடுகள் சரிந்து அதன் அடியில் போனவர்கள். 1981 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த கட்டட விதிகளுக்கு முன், பின் என்று இங்கே வீடுகளைப் பிரித்துப் பேசுவதற்குக் காரணம் அதுதான். அகியா விளம்பரத்தில் கட்டிய வருடம் 1981-க்கு முன் என்று இருந்தால், உள்ளே குறுக்குச் சட்டம் அடித்து வலுப்படுத்தும் செலவையும் அப்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தச்சர் உள்ளூர்க்காரர், 74 வயது. முதல் நாள் அவர் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தரைக்கடியில் நுழைந்தார், நானும் பின்னாலேயே ஊர்ந்தேன். ஒன்றரை அடிதான் உயரம். நிமிர்ந்தால் தலை இடிக்கும், மூக்கில் நூறு வருடத் தூசி. ஒவ்வொரு தூணையும் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, காது கொடுத்துக் கேட்டுவிட்டு நகர்ந்தார். டங், டங் என்று வந்த சத்தம் குளியலறைக்குக் கீழே வந்ததும் ‘பொத்’ என்றது. அவர் திருப்புளியை எடுத்துத் தூணில் வைத்து ஒரு விரலால் அழுத்தினார். டீயில் நனைத்த ரஸ்க்கில் போவது போலக் கைப்பிடி வரை போய்விட்டது. உருவியபோது பின்னாடியே நாலைந்து கரையான் வெளியே வந்து, வெளிச்சத்துக்குக் கூசி மறுபடி உள்ளே போயின. தச்சர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இந்தோ-சான், இவை இன்னும் குடியிருக்கின்றன" என்றார். ஊரில் எனக்குப் பெயர் அதுதான், இந்தோ என்றால் இந்தியா.

அப்படி ஐந்து தூண்கள். வீட்டை ஜாக்கி வைத்து ஒரு விரற்கடை தூக்கி, தூணின் அழுகிய அடிப்பாகத்தை அறுத்தெடுத்துவிட்டு, புது மரத்தை ஒன்றுக்குள் ஒன்று கோர்க்கும்படி செதுக்கி, நடுவில் ஆப்பு அடித்து ஒட்டுப்போட்டார்கள். ஆணி இல்லை, பசை இல்லை. அப்பா நாள் முழுக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து இதைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் பொது மொழி ஒன்றும் கிடையாது. ஆனால் மூன்றாம் நாள் நான் கடைக்குப் போய்த் திரும்பினால், இருவரும் ஒரு கதவு நிலையை அளந்துகொண்டிருக்கிறார்கள். அப்பா விரலை விரித்து "ஆறு" என்கிறார், தச்சர் தலையாட்டி "ரோக்கு" என்கிறார். ஜப்பானியத் தச்சர்களின் பழைய அளவு ஷகு, 30.3 சென்டிமீட்டர். நம் அடி 30.48. ஆறு அடிக்கும் ஆறு ஷகுவுக்கும் ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். மீட்டரில் பேசும் என்னைவிட அவர்கள் இருவரும் சீக்கிரம் புரிந்துகொண்டுவிட்டார்கள். அப்பா தன் பையில் கொண்டுவந்திருந்த குண்டுநூலை உத்திரத்திலிருந்து தொங்கவிட்டு, நிலை ஒன்றே முக்கால் அங்குலம் சாய்ந்திருப்பதைக் காட்டினார். (விமானத்தில் அதை எதற்குக் கொண்டுவந்தார் என்று கேட்டேன். "நீ வீடு வாங்கியிருக்கேன்னுலா சொன்ன" என்றார்.)

சுவர்கள் மண். மூங்கில் வரிச்சு கட்டி, வைக்கோல் நறுக்கிப் போட்டுப் பிசைந்து மாதக்கணக்கில் புளிக்கவிட்ட மண்ணை அப்பியிருந்தார்கள். உதிர்ந்த கட்டி ஒன்றை உள்ளங்கையில் நுணுக்கி முகர்ந்ததுமே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. மேல்பூச்சுக்குச் சுண்ணாம்பு. பூச்சுக்காரர் வந்தபோது, பிடிப்புக்கு என்ன போடுகிறீர்கள் என்று அப்பா என்னை விட்டுக் கேட்கச் சொன்னார். கடற்பாசியைக் காய்ச்சி எடுத்த பசையும் சணல் நாரும் என்றார். நாங்கள் கடுக்காயை ஊறப்போட்ட தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்போம் என்று அப்பா சொன்னார். கருப்பட்டி என்றால் என்ன என்று விளக்க எனக்கு ஜப்பானிய வார்த்தை வரவில்லை. அம்மா கொண்டுவந்திருந்ததில் ஒரு துண்டை உடைத்துக் கொடுத்தோம். அவர் வாயில் போட்டுச் சப்பிவிட்டு, இதையா சுவரில் பூசுகிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்டார்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. இனி ரசீதுகளுக்கு வருகிறேன், என் கணக்கு வாத்தியாரும் இதைப் படிப்பார். கரையான் மருந்து, தூண், பூகம்பத்துக்கான குறுக்குச் சட்டங்கள் எல்லாம் சேர்த்து 17 லட்சம் யென். கூரைக்கு 14 லட்சம். மின்கம்பியும் சன்னலும் 9 லட்சம். எனக்கு வயிறு எரிந்தது கழிவறையில்தான். ‘தொட்டி இருக்கிறது, வேலை செய்கிறது’ என்று தரகர் சொன்னார். இருந்தது ஒரு குழி. மாதம் ஒருமுறை லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போக வேண்டிய குழி. அதுவும் தொட்டிதானே என்று பிறகு வாதம் வேறு. பாதாளச் சாக்கடை இல்லாத ஊர் என்பதால் சுத்திகரிப்புத் தொட்டி புதைத்து, குளியலறையையும் கழிவறையையும் புதிதாகக் கட்ட, ஊராட்சி மானியம் போக 24 லட்சம். அந்தத் தொட்டிக்கு வருடா வருடம் சோதனையும் சுத்தம் செய்வதும் சட்டப்படி கட்டாயம், அதற்குத் தனிச் செலவு. வீட்டு விலை, பதிவு, வரி, குப்பை லாரி எல்லாம் கூட்டினால் 86 லட்சம் யென்னுக்குக் கொஞ்சம் குறைவு. ரூபாயில் ஏறக்குறைய 50 லட்சம். நாளைக்கே விற்றால் மனை விலைதான் கிடைக்கும். தரகர் கட்டணமும் இப்போது ஏறிவிட்டது. 2024 ஜூலை முதல், 80 லட்சம் யென்னுக்குக் குறைவான வீடு எதுவானாலும் தரகர் 3,30,000 யென் வரை கேட்கலாம். 50,000 யென் வீட்டுக்கும் அதுதான்.

முதல் குளிர்காலத்தில் செய்த முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். கிசோவில் ஜனவரியில் சில இரவுகளில் மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே போகும். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது குழாயில் இருக்கும் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுப் போக வேண்டும், அதற்கென்றே ஒரு வால்வு இருக்கிறது. தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவனுக்கு அது எப்படித் தோன்றும்? தண்ணீர் உறைந்து குழாய் வெடித்து, வெயில் ஏறியதும் உருகி ஓடி, ராத்திரி மறுபடி உறைந்து, அடுப்படி முழுக்க ஐஸ். பாட்டி என் வாசலில் பனிக்கட்டி தொங்குவதைப் பார்த்து ஊராட்சிக்குச் சொல்ல, அவர்கள் என்னைத் தொழிற்சாலையில் கூப்பிட்டார்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓடினேன்.

ஊரிலிருந்தே வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு மூன்று விஷயங்கள். வெளிநாட்டவர் இங்கே வீடு வாங்கத் தடை இல்லை, உங்கள் செய்தியில் அது சரி. ஆனால் வீடு வாங்கியதற்காக விசா தர மாட்டார்கள். சுற்றுலா விசாவில் வந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கெஸ்ட் ஹவுஸ் நடத்தி அந்தக் கணக்கில் தொழில் விசா வாங்கலாம் என்று யூடியூபில் சொல்கிறார்களாம். 2025 அக்டோபரிலிருந்து அந்த விசாவுக்கான மூலதனத்தை 50 லட்சம் யென்னிலிருந்து 3 கோடி யென்னாக உயர்த்திவிட்டார்கள். குடியிருப்பு வீட்டை விருந்தினருக்கு வாடகைக்கு விட 2018-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி வருடத்தில் 180 நாள்தான் அனுமதி. நிரந்தர வசிப்புரிமை இல்லாதவர்களுக்கு, அதுவும் இப்படிப்பட்ட பழைய மரவீட்டுக்கு, வங்கிகள் பெரும்பாலும் கடன் தராது. முழுப் பணமும் கையிலிருந்துதான். இந்தியாவில் குடியிருப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம், அது பிரச்சினை இல்லை. ஆனால் அந்த வீட்டை வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்ட வேண்டும். மறந்தால் 2015-ல் வந்த கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடம் இருக்கிறது. கட்டட விதியும் மாறியிருக்கிறது. 2025 ஏப்ரல் முதல், மாடி உள்ள மரவீட்டில் தூணோ கூரையோ பாதிக்கு மேல் மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே வரைபடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். நான் தப்பித்தேன், இனி வருகிறவர்களுக்கு அந்தச் செலவும் உண்டு.

இவ்வளவும் கேட்டுவிட்டு வாத்தியார் சொன்னார், "ஆணி இல்லாத வீடுன்னா கழட்டி மூட்டை கட்டி இங்க கொண்டாந்துடலாமேப்பா." விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் இங்கே பழைய வீட்டைக் கழற்றி வேறு ஊரில் பூட்டுவது உண்மையிலேயே நடக்கிறது. நம் ஊர்க் கரையானுக்கு அது விருந்தாகப் போகும் என்று சொல்லி வைத்தேன்.

அப்படியானால் வாங்கியதற்கு வருத்தப்படுகிறாயா என்று அத்தை மகன் கேட்டான். இல்லை. தெரிந்திருந்தால் இன்னும் பேரம் பேசியிருப்பேன், அவ்வளவுதான். நான் உங்களிடம் கேட்பது, அடுத்த முறை இப்படிச் செய்தி போடும்போது ‘இலவசம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில், தரைக்கடியில் ஒரு முறை ஊர்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். முடிந்தால் ஷிரகவாகோ படத்தை எடுத்துவிடுங்கள். என் வீட்டுப் படம் இரண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்று வாசல், மற்றது அந்தத் தூண்.

நிறைய எழுதிவிட்டேன், வெட்டிப் போடுவது உங்கள் விருப்பம். நாளை ஞாயிறு, கிசோவில் எங்கள் தெருவுக்கு வாய்க்கால் தூர்வாரும் நாள். வீட்டுக்கு ஒரு ஆள் காலை ஏழு மணிக்கு மண்வெட்டியோடு நிற்க வேண்டும். வராத வீட்டுக்கு 3,000 யென் போடுவார்கள். பணம் பெரிதில்லை, பாட்டி என் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டார், 81 வயதில் அவரே வந்து நிற்பார். நகோயாவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம், நாலரைக்கு எழுந்தால்தான் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
ச. மு.,
நகோயா, ஜப்பான்